எட்டு மணி நேர வித்தியாசம்

எங்கள் வீட்டுக் கணினியைத் தொடங்கினால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டு இயங்குதளங்களின் பெயர்கள் இரண்டு வரிகளாக இருக்கும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால் மேலே இருப்பது தானாகவே திறந்துகொள்ளும். என் மனைவிக்கு வேண்டியது கீழே இருப்பது. அதனால் பல நாள் காலை எட்டே காலுக்கு அவள் கணினி முன்னால் நின்றபடியே கீழ் அம்புக்குறியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அடுப்பில் பால் பொங்குகிறதே என்று அந்தப் பக்கம் திரும்பினால் போச்சு. லினக்ஸ் திறந்துவிடும். அதை மூடி, மறுபடி தொடங்கி, மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

"இத மேல கீழ மாத்தி வைக்க முடியாதாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முடியும் லா. ஆனா இந்தப் பெட்டிக்கு வீட்டுக்காரன் யாரு, வாடகைக்கு வந்தவன் யாரு?" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது இதை எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் சுங்கை பெசார் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. பழக்குலைகளை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்தி, எடையைப் பதிந்து, சீட்டு கொடுத்து அனுப்புவது வேலை. பல வருடங்களுக்கு முன் ஆலை ஆபீசில் ஒரு கணினியைத் தூக்கிப் போட்டார்கள். அதில் இருந்தது கள்ள விண்டோஸ். வைரஸ் புகுந்து, ஒரு கடிதம் திறப்பதற்குள் ஒரு கோப்பி குடித்து முடித்துவிடலாம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கணினி இதழோடு இலவசமாக வந்த குறுவட்டிலிருந்து லினக்ஸைப் போட்டேன். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெட்டி எழுந்து ஓடியது. காசும் இல்லை, களவும் இல்லை. கிராணி வேலையில் மற்றவர்கள் சொன்னதை எழுதியே பழகிய எனக்கு, ஒரு பொருளை நானே உள்ளே இறங்கிச் சரிசெய்ய முடிகிறது என்பது பெரிய விஷயமாக இருந்தது.

அன்றிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டில், கோயில் அன்னதான வரிசையில், முடிவெட்டும் கடையில், யார் கணினி என்று ஒரு சொல் சொன்னாலும் நான் நடுவில் புகுந்துவிடுவேன். சுங்கை பெசாரில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் என் மச்சான் ஒருத்தன்தான் மாட்டினான். அவன் கடைக் கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஓடியது, அவனுடைய பெரிய நகல் இயந்திரத்தைத் தவிர. மூன்றாம் நாள் கணினியைக் காடியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மச்சான், ஒன் கொள்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கட வச்சிருக்கேன் லா," என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த இயந்திரம் செய்தவன்மேல் பழி போட்டேன். அவசரப்படுகிறான் என்று மச்சான்மேலும் போட்டேன். லினக்ஸ் அன்றாட வீட்டு வேலைக்குச் சரிப்படுமா என்று யார் கேட்டாலும் தாராளமாகச் சரிப்படும் என்பேன். அது பொய்யும் இல்லை. பத்திரிகை வாசிக்க, படம் பார்க்க, கடிதம் எழுத, தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆனால் 'எனக்கு' என்ற சொல்லை நான் அந்தப் பதிலில் சேர்த்ததே இல்லை.

என் மனைவி சபாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் தமிழில் நல்ல மதிப்பெண். மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு கோலசிலாங்கூருக்கு வெளியே இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபின், சமையலும் பிள்ளைகளுமாகப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கூடம் போய்வரும் வயதானதும், அவளே எங்கோ விளம்பரம் பார்த்து, எனக்குச் சொல்லாமலேயே விண்ணப்பித்து, பரீட்சையும் எழுதி, ஒரு வேலை வாங்கினாள். தமிழில் பேசிப் பதிவானதை வீட்டிலிருந்தபடியே கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு முதல் உத்தியோகம்.

முதல் நாள் காலையில் தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, வெளியே போகும் துணி உடுத்திக்கொண்டு வந்து வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒன்ன யாரும் பாக்கப் போறதில்லையேமா," என்றேன்.

"எனக்குத் தெரியும்ல, நான் வேலையில இருக்கேன்னு," என்றாள்.

கம்பெனி விண்டோஸ்தான் வேண்டும் என்றது. வேலை நேரத்தைக் கணக்கெடுக்கும் ஒரு மென்பொருள் அதில்தான் ஓடும். வீட்டில் இருந்தது ஒரே கணினி. விண்டோஸை முறையாகக் காசு கொடுத்து வாங்கி, கணினியின் வன்வட்டை இரண்டாகப் பிரித்து, அதற்கும் ஒரு பக்கம் இடம் ஒதுக்கினேன். என்னுடைய லினக்ஸை விட எனக்கு மனமில்லை. சேரும்போது ஆங்கிலத்தில் ஒரு நிபந்தனைப் பட்டியல் வந்தது. அதில் ஒரு வரி, இந்தக் கணினியில் வேறு இயங்குதளம் எதுவும் இருக்கக் கூடாது என்றது. அவள் அதில் விரலை வைத்து, "இது நம்ம வீட்டுல இருக்கே?" என்றாள். "இதெல்லாம் சும்மா போடறதுமா, யாரு வந்து பாக்கப் போறா," என்று அவளுக்காக நானே அந்தக் கட்டத்தில் சரி என்று குறியிட்டேன்.

இனிக் கடிகார விஷயம். கணினிக்குள் பொத்தான் அளவு பேட்டரியில் ஓடும் சின்னக் கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ் அதை உலகப் பொது நேரத்தில் வைக்கும். நம் ஊர் நேரம், அதாவது மலேசிய நேரம், அதைவிட எட்டு மணி முன்னால். விண்டோஸோ அந்தக் கடிகாரம் காட்டுவதையே ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸைத் திறந்தால் மணி எட்டு மணி நேரம் பின்னால் காட்டும். காலை எட்டரை என்பது நடுராத்திரி பன்னிரண்டரை ஆகிவிடும்.

இது எனக்கு முதல் வாரமே தெரியும். நான் விடியற்காலையில் ஒரு மணி நேரம் லினக்ஸில் உட்காருவேன், அது என் நேரம். முடித்ததும் விண்டோஸைத் திறந்து மணியைக் கையால் சரிசெய்துவிட்டு, அப்படியே அணைக்காமல் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். அப்படிச் செய்த நாட்களில் அவளுக்கு அந்தக் கறுப்புத் திரை வராது. நேரமில்லாத நாட்களில் அணைத்துவிட்டுப் போவேன். அந்த நாட்களில் அதுவரை விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டது, எப்போதும் திருத்திக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. நிரந்தரமாகச் சரிசெய்ய லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை போதும். ஊர் நேரத்திலேயே கடிகாரத்தை வை என்று சொல்லிவிடலாம். நான் சொல்லவில்லை. உலகமே ஒத்துக்கொண்ட முறையில் லினக்ஸ் நடக்கிறது, கோணலாக நடப்பது மற்றது, கோணல்காரனுக்காக நேராக இருப்பவன் எதற்கு வளைய வேண்டும் என்பது என் கட்சி. என் மனைவியின் வேலை நடுவில் இருக்கிறது என்பது அந்த வாதத்தில் எங்கேயும் வரவில்லை.

நான்காவது மாதம் அடைமழை பிடித்தது. தோட்டத்து மண்சாலைகள் சேறாகி, லோரிகள் ஒரு நேரம் வராமலும் ஒரு நேரம் மொத்தமாகவும் வந்தன. ஆலையில் எங்களை ஆறு மணிக்கே வரச் சொன்னார்கள். அப்போதும் என் ஒரு மணி நேரத்தை விட்டேனா? இல்லை. சீக்கிரம் எழுந்து லினக்ஸில் உட்கார்ந்தேன். மணியைச் சரிசெய்யத்தான் நேரம் கிடைக்கவில்லை. விண்டோஸும் அந்த நாட்களில் தானே திருத்திக்கொள்ளவில்லை.

அப்படிப் போன முதல் நாள் காலை அவள் போன் செய்தாள்.

"என்னாங்க, இங்க மணி பன்னெண்டே முக்கால்னு காட்டுது. விடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு!"

எனக்கு முன்னால் நான்கு லோரிகள். ஒருவன் ஆரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வேல ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா, ஆரம்பிச்சு கா மணி நேரமாச்சு. இப்பத்தான் பாத்தேன்."

"ஒன்னுமில்ல லா. கீழ வலது பக்கம் மணி இருக்குல்ல, அத அமுக்கு. உள்ள நேரத்த சரிசெய்னு ஒரு பட்டன் வரும். அதையும் அமுக்கு. சரியாயிடும்."

சரியாகிவிட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் எனக்குப் போன் செய்யவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி தானே செய்துகொண்டாள். மழையில் அல்லாடுகிற மனுஷனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தாளாம்.

கம்பெனியின் மென்பொருள் என்ன பார்த்தது? இவள் நடுராத்திரி பன்னிரண்டரைக்கு வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தைக் கையால் எட்டு மணி நேரம் முன்னால் தள்ளினாள். மாலை ஐந்துக்கு முடித்தாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கூடுதல். மூன்று நாள் தொடர்ந்து இப்படி. செய்யாத வேலைக்கு நேரம் ஏற்றியிருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான்காம் நாள் அவளுடைய சூப்பர்வைசர் அம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான ஆங்கிலம். உங்கள் கணினியில் மூன்று நாட்கள் நேரம் மாற்றப்பட்டிருக்கிறது, விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் இவள் பதில் போட்டுவிட்டாள். மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது, தயவுசெய்து இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள். அவ்வளவுதான் பதில்.

அன்று மாலை சாப்பாடு போடும்போதுதான் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"யாரக் கேட்டு மன்னிப்பு கேட்ட? செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"மணிய மாத்துனது நான்தானங்க."

"அதுக்குக் காரணம் கேட்டாங்கல்ல? காரணத்தச் சொல்லணும்."

"எனக்கு என்னா காரணம் தெரியும்? எங்கம்மா பெரட்டுல மண்டோர் ஏதாச்சும் சொன்னா மொதல்ல மன்னிச்சிருங்கன்னுதான் சொல்லும். அப்பத்தான் அன்னிக்குப் பேர் போடுவாங்க."

அவள் சொன்னது எனக்குப் புரியாததில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். விடியுமுன் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது மேற்பார்வை பார்க்கும் மண்டோர் குறை சொன்னால் யாரும் வாதாட மாட்டார்கள். எதிர்த்துப் பேசினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டால், திட்டிவிட்டு மர நிரைக்கு அனுப்புவார்கள். சரி தவறு என்பதை வேலை முடிந்தபின் லயத்து வீட்டில் பேசிக்கொள்வார்கள். அங்கே மன்னிப்பு என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது இல்லை, வேலையைக் காப்பாற்றிக்கொள்வது. ஆபீஸ் மின்னஞ்சலில் அதே சொல் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஆபீசில் உட்காருகிற நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, தப்பைச் செய்த நான் தப்பு செய்யாதவளைப் பார்த்துக் கத்தினேன்.

மறுநாள் காலை அவள் குளித்து, பொட்டு வைத்து, கணினியைத் திறந்தபோது அனுமதி மூடப்பட்டிருந்தது. நேர மாற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதால் உங்கள் பணி இன்றோடு முடிகிறது என்று இரண்டு வரி வந்திருந்தது.

அவள் அழவில்லை. நான் வேலையிலிருந்து வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்ப உதறி மடித்தாள்.

"வேல போனா போவுது. எங்க தோட்டத்துல வராத ஆளுக்குப் பேர் போட்ட மண்டோர ஊரே காறித் துப்புச்சு. நான் நேரத் திருடின்னு பேர் வாங்கிட்டனே," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விண்டோஸ் கோளாறாக இருக்கும், பார்க்கிறேன் என்றேன். இரண்டு நாள் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தேன். எடைமேடையில் ஒரு லோரிக்கு இரண்டு தடவை சீட்டு எழுதினேன். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. விடியற்காலையில் லினக்ஸைத் திறந்தால் எதையும் வாசிக்க மனம் ஓடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன, இரண்டும் கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் பார்க்கின்றன, எட்டு மணி நேர வித்தியாசம் அதனால் வந்தது, என் மனைவி தொலைபேசியில் நான் சொன்னபடி மணியைத் திருத்தினாளே தவிர நேரத்தை ஏமாற்றவில்லை என்று எழுதினேன். இரண்டு இயங்குதளம் இருப்பதைச் சொன்னால் நிபந்தனை மீறியது வெளியே வந்துவிடும், வேலை திரும்பக் கிடைக்காது என்று தெரியும். சொல்லாமல் விட்டால் அவள் திருடியாகவே இருப்பாள். அதனால் அதை மறைக்காமல் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. இந்தக் கோளாறு இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதுபோல நைசாக வாக்கியத்தை அமைத்திருந்தேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நிதானமாகத்தான் படிப்பாள். நாலு மாதம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதிச் சரிபார்த்த கண் அது.

"இது ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சிச்சு?"

ஒரு சின்னப் பொய் போதும், கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏனோ வாயில் வரவில்லை.

"மொத வாரமே."

அவள் குனிந்து அந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சரி பண்ண முடியாதா இத?"

"முடியும். ஒரு வரிதான்."

"பண்ணிக் காட்டுங்க."

லினக்ஸைத் திறந்தேன். கட்டளையைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். வேலை ஒழுங்காக முடிந்தால் லினக்ஸ் எதுவும் பேசாது, அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அப்படித்தான் நின்றது. இன்னும் ஏதோ வரும் என்று அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கா நாலு மாசம் மனசு வரல?"

என்ன சொல்வது? கொள்கை என்று சொல்லவா? மச்சானிடமும் முடிவெட்டும் கடையிலும் மணிக்கணக்காகச் சொன்னது அதைத்தான்.

"கடுதாசிய அனுப்புங்க. ஆனா மொத வாரமே தெரியும்னு எழுதி அனுப்புங்க. அந்தக் கட்டத்துல குறி போட்டது யாருன்னும் எழுதுங்க," என்றாள்.

அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எழுதி அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் வேண்டுமென்றே நேரத்தை மாற்றவில்லை என்பதை ஏற்கிறோம், அவருடைய பதிவிலிருந்து அந்தக் குறிப்பை நீக்கிவிட்டோம், ஆனால் நிபந்தனை மீறப்பட்டிருப்பதால் மீண்டும் பணியில் சேர்க்க இயலாது. முதல் வரியை அவள் இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். இரண்டாவது வரியை வாசிக்காமலேயே விட்டாள்.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. அவளுக்குக் கொடுக்க என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னிக்கே லினக்ஸ அழிச்சிடறேன். இனிமே இந்த வீட்டுல விண்டோஸ் மட்டும்தான்," என்றேன். உண்மையாகவே சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் விட்டேன்.

அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"அத எதுக்கு அழிக்கிறீங்க? அது ஒழுங்காத்தான இருக்கு."